எட்டு வரி மௌனம்

சாப்பாட்டு மேசையில் சண்டை ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. சொத்துத் தகராறாக இருந்தால்கூட இதற்குள் சமாதானம் பேசி முடித்திருப்பார்கள். இது ஒரு பாட்டுக்காக!

ஒரு பக்கம் என் கணவர். கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். சின்னக்குரலின் புது ஆல்பத்தை நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டே தேய்க்கிறார். சின்னக்குரல் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அந்தப் பெண் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவள். மறுபக்கம் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி. கணக்கு டீச்சர். ஆல்பம் என்றாலே உதட்டைப் பிதுக்குவார். மேடையில் கேட்டால்தான் அவருக்குப் பாட்டு.

“ஆல்பத்துல ஒவ்வொரு மூச்சும் கேக்குதுக்கா. அன்னிக்குக் கச்சேரி மேடையில என்ன ஆச்சு? தான் எழுதின பாட்டே மறந்துபோச்சு. எட்டு வரி! கூட்டம்தான் பாடிச்சு.”

“மறக்கலடா மண்டு. அது அவ அம்மா செத்ததைப் பத்தின பாட்டு. அந்த இடத்துல பாட முடியாம நின்னா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. உன் ஆல்பத்துல வருமா அது?”

பிறகு இருவரும் தீர்ப்புக்காக என்னைப் பார்ப்பார்கள். நான் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவேன். எனக்கோ எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். ஏனென்றால் அவள் அன்று பாடிய அரங்கத்தில் பதினோரு வருடமாக சவுண்டு மிக்சர் முன்னால் உட்காருகிறவள் நான்தான். மேடையில் எழும் ஒவ்வொரு சத்தமும் என் விரலைத் தாண்டித்தான் வெளியே போகும்.

பாடுகிறவர் நடுவில் இருமினால், தண்ணீர் குடித்தால், ஒரு பட்டனை அழுத்தி அந்த மைக்கை அடைப்பேன். மறுபடி பாட வரும்போது திறப்பேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அன்று அவள் இருமினாள், அடைத்தேன். வயலின் தனியாக எழுந்தது. அப்போது நான் வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். சவுண்டு பார்க்கிறவள் செய்யவே கூடாத தப்பு அது.

முதல் வார்த்தையிலேயே மைக் செத்துக்கிடப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மைக்கை இறக்கினாள், கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். கூட்டம் பாடியது. அடடா, ரசிகர்களைப் பாட விடுகிறாளே என்று நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மைக் அடைத்தே கிடக்கிறது என்று சொல்லும் பட்டனின் சிவப்பு விளக்கைப் பார்த்தபோது எட்டு வரியும் முடிந்திருந்தது.

மேடைக்குப் பின்னால் அரங்கத்தின் மேனேஜர், என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, “வரி மறந்துபோச்சு சார், மன்னிச்சுக்கோங்க” என்றாள். என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாக, “விடுங்கக்கா, தெரிஞ்சா உங்க வேலைதான் போகும்” என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பதின்மூன்றாம் நாள் கணவர் போனை நீட்டினார்.

“பார்த்தியா? ஞாயித்துக்கிழமை நடக்க இருந்த ரெண்டாவது நிகழ்ச்சியை ரத்து பண்ணப் போறாங்களாம். பாட்டு ஞாபகம் இல்லாதவளுக்கு மேடை எதுக்குன்னு ரசிகர்களே எழுதிட்டாங்க. நானும் எழுதினேன்.”

கடைசி இரண்டு வார்த்தையைப் பெருமையாக வேறு சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அவ மறக்கவும் இல்ல, கலங்கவும் இல்ல! மைக்கை அடைச்சது நான்! திறக்காம உக்காந்திருந்ததும் நான்!”

கணவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அவளைக் காப்பாத்த நீ ஏன்மா பழியைத் தலையில போட்டுக்கிற?”

அண்ணி இன்னும் ஒரு படி மேலே போனார். “உனக்கு பட்டனைப் பத்தித் தெரியும், பாட்டைப் பத்தி என்ன தெரியும்? அவ கண்ணுல தண்ணி வந்ததை நான் பார்த்தேன்.”

“இருமினா கண்ணுல தண்ணி வராதா அண்ணி?”

இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது! அவர்கள் எதிரிலேயே மேனேஜருக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

“நிகழ்ச்சி நடக்கும். நீங்க நாளையிலேருந்து வர வேண்டாம்.”

பதினோரு வருடம் அவ்வளவுதான். கணவரின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணி மட்டும் சாப்பாட்டைப் பிசைந்தபடி யோசித்தார்.

“அப்போ இந்தத் தடவை அந்த எட்டு வரியை அவ பாடிடுவாளா?” என்றார் கவலையாக.

கணவர் மறுநாள் மூன்று டிக்கெட் வாங்கிவந்து மேசையில் வைத்தார். அவர் மன்னிப்புக் கேட்கிற லட்சணம் அது.

ஞாயிறு மாலை, அந்த அரங்கத்தில் முதல்முறையாகக் கூட்டத்தோடு உட்கார்ந்தேன், இரண்டு பேருக்கும் நடுவில். மிக்சர் முன்னால் யாரோ ஒரு புதியவர். வயலின் அடங்கியது. அவள் மைக்கை நெருங்கிப் பாடினாள். அந்த வரிகளை நான் நிம்மதியாகக் கேட்டது அன்றுதான். அழுதேன், துடைக்கக்கூட இல்லை.

ஆறாவது வரியில் அண்ணி என் காதருகே வந்தார். “போன தடவை மாதிரி இல்ல.”

மறுபக்கம் கணவர். “ஆல்பத்துல இன்னும் நல்லாயிருக்கும்.”

என் விரல் நாற்காலியின் கைப்பிடியில் பட்டனைத் தேடியது. இல்லை. இடது கையால் ஒருவர் வாயையும் வலது கையால் இன்னொருவர் வாயையும் இறுக்கிப் பொத்தினேன். மிச்சம் இரண்டு வரியும் எனக்கு நன்றாகவே கேட்டது.