பதினைந்து நாள் வலி

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் தேவசேனா உட்கார்ந்து சைபர் போடுவாள். மேல்மலைக் காவல் நிலையத்தில் ரைட்டர் வேலை பார்க்கும் ஏட்டு அவள். மாதாந்தரக் குற்றப் படிவத்தில் கொலை, கொலை முயற்சி, கொடுங்காயம், வழிப்பறி என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்கு ஒரு சைபர். இரண்டு வருஷமாகக் கொடுங்காயக் கட்டத்தில் அவள் வேறு எண் எழுதியதே இல்லை.

அதற்காக மேல்மலைச் சனங்கள் எல்லாரும் சாந்த சொரூபிகள் என்று நினைத்துவிட வேண்டாம். குடித்தால் அடிப்பார்கள், வரப்புத் தகராறில் அடிப்பார்கள், மழை விடாமல் பெய்து பொழுது போகாவிட்டாலும் அடிப்பார்கள். அதெல்லாம் மனு ரசீதோடு முடிந்துவிடும். புகார் கொடுத்தவருக்கு ஒரு சீட்டு, அடித்தவருக்கு ஓர் அதட்டல், ஆளுக்கொரு கையெழுத்து, கடைசியில் 'சமாதானம்' என்று ஒரு வார்த்தை. மனு ரசீது படிவத்தில் ஏறாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் ஏறும். படிவத்தில் ஏறாதது நடக்கவே இல்லை என்பதுதான் கணக்கு.

இன்ஸ்பெக்டர் சண்முகராஜுக்கு அந்தச் சைபர்கள்மேல் தனிப் பிரியம். "நம்ம லிமிட்டு அமைதிப் பூங்காம்மா" என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்வந்து சொல்லுவார். தேவசேனாவுக்கும் அதில் ஓர் ஆசை இருந்தது. புருஷன் பொன்னுவேல் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். மகள் தமிழ்மதி பத்தாம் வகுப்பு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மலை இறங்கிப் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிழைப்பு அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. ஜூனில் பழனிக்கு மாற்றல் வாங்கித் தருவதாக இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பிப்ரவரி பத்தாம் தேதி கவுஞ்சியிலிருந்து பிச்சையம்மாள் வந்தாள். வலது கையை ஒரு பழைய துண்டில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவள் வருவது அது நாலாவது தடவை. நாலு தடவையும் அடித்தது ஒரே ஆள்தான், கூடப் பிறந்த அண்ணன் ஆண்டிச்சாமி. அம்மா சாகும்போது மகள் பேருக்கு எழுதிவைத்த அரை ஏக்கர் பூண்டுக் காடு அவன் கண்ணை உறுத்தியது. பிச்சையம்மாளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. அடித்தால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

"என்னக்கா, மறுபடியுமா?" என்று கேட்டாள் தேவசேனா. கேட்ட பிறகுதான் தன் குரலில் இருந்த சலிப்பு அவளுக்கே உறைத்தது.

"படிக்காட்டு மேல நின்னுக்கிட்டு இருந்தேன், ஏட்டம்மா. பின்னாடி வந்து எத்துனான். கீழ கல்லுக்கட்டுல போயி விழுந்தேன். அங்கயும் வந்து தோள்பட்டைலயே மிதிச்சான். கை மேல தூக்க வரலைங்க."

ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தாள். எலும்பு முறிவில்லை, பல் போகவில்லை, ஆயுதம் இல்லை, வெறும் கால்தான். தேவசேனா சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். இப்படியே எழுதினால் சாதாரணக் காயம். அதற்குக் கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் கேஸ் எடுக்க முடியாது, மறுபடியும் மனு ரசீதுதான். கொடுங்காயம் என்று ஆக வேண்டுமானால் ஒரு வழி இருந்தது. பதினைந்து நாள் கடும் வலியில் கிடக்க வேண்டும், அல்லது பதினைந்து நாள் தன் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் இருக்க வேண்டும். பழைய சட்டத்தில் இருபது நாள். புதுச் சட்டம் ஐந்து நாள் இரக்கம் காட்டியிருந்தது.

"வலிய எந்தத் தராசுலம்மா நிறுக்குறது?" என்றார் உள்ளிருந்து எட்டிப் பார்த்த சண்முகராஜ். "சோலிக்குப் போறாளா இல்லையான்னுதான் கண்ணால பாக்க முடியும். பதினஞ்சு நாள் கழியட்டும், பாப்போம்."

தேவசேனா பிச்சையம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. இன்னையிலருந்து பதினஞ்சு நாள் நீங்க காட்டுப் பக்கமே போகக் கூடாது. வீட்லயே கெடங்க. அப்பத்தான் எஃப்.ஐ.ஆர். போட முடியும். கேஸுன்னு ஒண்ணு இருந்தாத்தான் உங்கண்ணன் அடுத்து காலத் தூக்க யோசிப்பான். ஒரு நாள் போனாலும் எல்லாம் போச்சு."

"பூண்டு வெளஞ்சு நிக்குதுங்களே."

"நிக்கட்டும். கை முக்கியமா, பூண்டு முக்கியமா?"

அந்தக் கேள்விக்கு மேல்மலையில் எந்தப் பொம்பளையும் பதில் சொல்லியதில்லை என்பது தேவசேனாவுக்கு அப்போது தெரியாது.

அவள் செய்த இன்னொரு தப்பும் அன்றைக்குத் தெரியவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் செல்வமுருகன் என்று ஒருவன், தொலைந்துபோன லைசென்ஸுக்குப் புகார் எழுத வந்து உட்கார்ந்திருந்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகும் டிரைவர். ஆண்டிச்சாமிக்கு உயிர்ச் சிநேகிதன். அவள் சொன்ன பதினைந்து நாள் கணக்கை அவன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு போனான்.

பதினோராம் நாள் செல்வமுருகன் வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. இன்ஸ்பெக்டர் மேசைமேல் செல்போனை வைத்து ஒரு வீடியோவைப் போட்டான். அதில் பூண்டுக் காட்டுக்கு நடுவே பிச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ஒரு கொத்துப் பூண்டு. சுற்றிலும் நாலைந்து பொம்பளைகள்.

"கை வரலைன்னு கேஸு குடுத்துட்டு அறுப்பு அறுக்குது பாருங்கய்யா" என்றான்.

சண்முகராஜ் தேவசேனாவைப் பார்த்தார். "முடிஞ்சுபோச்சு. சாதாக் காயம். நாளைக்குக் கவுஞ்சிக்குப் போயி ரெண்டு பேர்கிட்டயும் சமாதானக் கையெழுத்து வாங்கிட்டு வெரசா வந்துரு."

தேவசேனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆண்டிச்சாமிமேல் இல்லை, பிச்சையம்மாள்மேல். படித்துப் படித்துச் சொல்லியும் இன்னும் நாலு நாள் பொறுக்க முடியாதா இந்தப் பொம்பளைக்கு? இவளுக்காக நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? மறுநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனாள்.

காட்டில் அறுப்பு முடியவில்லை. பொம்பளைகள் குனிந்த தலை நிமிராமல் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிச்சையம்மாள் வரப்போரம் உட்கார்ந்திருந்தாள். துண்டுத் தொட்டில் அப்படியே இருந்தது.

"ஏங்க்கா, நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

பிச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த வடிவு என்பவள்தான் நிமிர்ந்தாள். முப்பது வயசுக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"அந்தக்காவ ஏன் வையிறீங்க? ஒம்பதாம் நாளு ஆண்டிச்சாமி வந்து, நீ அறுக்காட்டி நாளைக்கு நான் அறுத்து லாரில ஏத்திருவேன்னு சொல்லிட்டுப் போனான். மறுநாளு பாத்தா செல்வமுருகன் வரப்புல செல்லோட நிக்கிறான். எதுக்கு நிக்கிறான்னு இப்பத்தான தெரியுது. வராட்டி பூண்டு போகும், வந்தா கேஸு போகும். நீங்கதான் சொல்லுங்க, எத விடுறது?"

முதல் நாள் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தவன் முகம் தேவசேனாவுக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சட்டம் சொன்ன பதினைந்து நாளைத் தானே அண்ணன்காரன் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது.

"அப்ப அறுப்பு?"

"நாங்கதான் அறுக்குறோம்" என்றாள் முருகேஸ்வரி என்ற இன்னொருத்தி. "இங்கன ஒருத்தி காட்டுக்கு ஒருத்தி போறதுதான வழக்கம். போன வாரம் என் காட்டுக்கு அக்கா வரணும். கையி வரல. அதுக்கு வடிவு என் காட்டுல ரெண்டு ஆளு வேலை பாத்தா. ஆனா காட்டுக்காரி வந்து உக்காரணும். அவ இல்லாத காட்டுல நாங்க கை வச்சா ஆண்டிச்சாமி எங்களத் திருடின்னுருவான்ல? அதான் கூட்டியாந்து உக்கார வச்சோம்."

"வீடியோல கையில பூண்டு இருந்துச்சே?"

"கட்டிக் குடுத்தத வாங்கி வச்சுக்கிட்டாக. ஒத்தக் கையால பூண்டு கட்ட முடியுமா? நீங்கதான் கட்டிப் பாருங்களேன்."

தேவசேனா கட்டிப் பார்க்கவில்லை. பிச்சையம்மாளிடம் மெதுவாக, "கையத் தூக்குங்கக்கா" என்றாள். பிச்சையம்மாள் தூக்கப் பார்த்தாள். கை இடுப்புக்கு மேல் வரவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. பன்னிரண்டு நாளாக அவளுக்கு யார் தலை பின்னிவிடுகிறார்கள் என்று கேட்டாள் தேவசேனா. வடிவு. சோறு? முருகேஸ்வரி. தண்ணீர் தூக்குவது, விறகு ஒடிப்பது, அறுத்த பூண்டைப் புகை மூட்டத்தில் தொங்கவிடுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வந்தது. வேலை ஒன்றுகூட நிற்கவில்லை. செய்த கை மட்டும் வேறு.

சமாதானக் கையெழுத்து வாங்கக் கொண்டுபோன வெள்ளைத் தாளை எடுத்து, அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியும் எந்தத் தேதியில், பிச்சையம்மாளுக்குப் பதிலாக என்ன செய்தாள் என்று.

எழுதிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள். "உங்கள்ல யாருக்காச்சும் இப்பிடி அடிபட்டிருக்கா? எத்தனை நாள் வீட்ல இருந்தீங்க?"

பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். முருகேஸ்வரி, புருஷன் விலாவில் மிதித்த மறுநாள் கேரட் கழுவப் போனவள். இன்னொருத்தி காது சவ்வு கிழிந்து மூணாம் நாள் நாற்று நட்டவள். வடிவு, "நாலு நாளு. எங்கள்லயே நான்தான் சோம்பேறி" என்றாள். மறுபடியும் சிரித்தார்கள். தேவசேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷமாகத் தான் போட்ட சைபர்கள் எங்கிருந்து வந்தன என்று அந்த வரப்பில் உட்கார்ந்துதான் அவளுக்குத் தெரிந்தது. பதினைந்து நாள் படுத்திருக்க வசதியுள்ளவருக்குத்தான் கொடுங்காயம் கிடைக்கும்.

ஸ்டேஷனுக்கு வந்து தாள்களை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள். ஐந்து கையெழுத்து. சண்முகராஜ் இரண்டு தடவை படித்தார்.

"நான் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னா நீ வேற ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்க. இத இனிக் கிழிச்சா என் தலைதான் உருளும். பதினாறாம் நாள் டாக்டர்கிட்டக் காட்டு. அவங்க என்ன எழுதுறாங்களோ அதான்."

பதினாறாம் நாளும் கை இடுப்பைத் தாண்டவில்லை. தசைநார் கிழிந்திருப்பதாகவும், பதினைந்து நாளும் வழக்கமான வேலை எதுவும் அவளால் செய்திருக்க முடியாது என்றும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஆண்டிச்சாமி கைதாகி, ஜாமீனிலும் வந்துவிட்டான். ஆனாலும் கேஸ் நம்பர் என்று ஒன்று இருந்தது. அதன் பிறகு அவன் தங்கச்சி காட்டு வரப்பில் கால் வைக்கவில்லை. பிச்சையம்மாள் கை மட்டும் பழைய கையாக ஆகவில்லை, ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் முதல் தேதி தேவசேனா கொடுங்காயக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். பத்தாம் தேதி மேலே இருந்து கடிதம் வந்தது. இரண்டு ஆண்டுகளாக இல்லாத வன்குற்றம் தற்போது கூடியதற்கான காரணத்தை எழுத்துமூலம் விளக்கவும்.

"சொத்துத் தகராறு, எதிர்பாராத சம்பவம், இனி நடக்காம பாத்துக்குறோம்னு எழுதிரு" என்றார் சண்முகராஜ்.

தேவசேனா பீரோவைத் திறந்து பழைய மனு ரசீதுகளை எடுத்தாள். பிச்சையம்மாளுடைய மூன்றும் கிடைத்தன. முதலாவதில் உதடு கிழிந்தது, இரண்டாவதில் முதுகு, மூன்றாவதில் மயங்கி விழுந்தது. மூன்றின் கீழும் 'சமாதானம்' என்று அழகான கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் தேவசேனாவுக்குப் பரிசு வாங்கித் தந்த கையெழுத்து அது. பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மூன்றையும் நகல் எடுத்து இணைத்து, விளக்கம் எழுதினாள்.

'குற்றம் கூடவில்லை. இதே பெண்ணை இதே நபர் முன்பு மூன்று முறை தாக்கியுள்ளார். அவற்றைச் சமாதானம் என்று எழுதியது நான். பதிவது மட்டுமே கூடியுள்ளது.'

சண்முகராஜ் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது போனா உன் பழனி மாத்தல் போச்சு, தெரியும்ல? நான் சொன்னாலும் எடுபடாது."

"தெரியுங்கய்யா."

சொல்லிவிட்டாளே தவிர, தமிழ்மதியிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். மூடாத பாதியை வைத்துத்தான் அது வடிவு என்று தெரிந்தது.

"நேத்து வெள்ளனே வீட்டுக்காரரு அடிச்சாரு, ஏட்டம்மா" என்றாள் வடிவு. வழக்கமான வாய் இல்லை. "இன்னைக்கு ரெண்டாம் நாளு. இன்னும் பதிமூணு நாளு இருக்கு. நான் சோலிக்குப் போகலைங்க. எழுதிக்கங்க."

தேவசேனா எழுந்தாள். வாய் திறக்கும் முன்னால் பெஞ்சைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் செல்போன் தொலைந்த புகாரோடு உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவின் தோளைத் தொட்டு உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்த பிறகுதான் கேட்டாள்.

"எங்கம்மா வலிக்குது?"