புல் நுனி எறும்பு

நாலு படி ஏறினாலே மூச்சு முட்டுகிற அண்ணன் முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். அலமாரி உச்சியில் அண்ணி ஒளித்து வைத்திருந்த இனிப்புப் பால் டின் இப்போது அவர் கையில். அவர் விரலை விட்டு நக்கிய நக்கில் டின்னுக்கே வெட்கம் வந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிப்பையோடு உள்ளே வந்த தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

தன் சிறுநீரகம் ஒன்றை இந்த மகானுக்குக் கொடுக்க வந்தவள் அவள். தையல் கம்பெனியில் லீவு கேட்டுக் கெஞ்சி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட புருஷனைச் சமாளித்து வந்திருந்தாள். அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒரு தடவை தேதி தள்ளிப்போயிருந்தது.

"என்னண்ணே இது?"

அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஊரையே பேசிக் கவிழ்த்த வாய். அதற்கா பதில் கிடைக்காது?

"நானா திங்கறேன்? வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கும்மா. அதுங்க கேக்குது, மூளை தலையாட்டுது. போன்ல படிச்சேன்."

"ஓஹோ. முக்காலியையும் அதுங்கதான் இழுத்துப் போட்டுச்சா?"

"கிண்டல் பண்ணாத. ஒரு புழு இருக்கு, எறும்பு மூளைக்குள்ள பூந்துக்கும். எறும்பு பாவம், புல்லு நுனியில ஏறி கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், மாடு வந்து மேயட்டும்னு. அப்புறம் புழு மாட்டு ஈரல்ல சொகுசா இருக்கும். எறும்பு மேல தப்பு சொல்லுவியா?"

"நாள் பூரா அங்கயேவா நிக்கும்?"

"இல்ல இல்ல. வெயில் ஏறினா புத்தி தெளிஞ்சு கீழ எறங்கிடும்." பாடம் நடத்திய பெருமையில் இன்னொரு விரல் நக்கிக்கொண்டார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். தின்பதையும் தின்றுவிட்டு எறும்பு வேஷம் வேறா? இந்த ஆளுக்காகவா உடம்பை அறுத்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"எறும்பு நீங்க இல்லண்ணே, நான். நீங்க சொகுசா இருக்கணும்னு புல்லு நுனியில வந்து நின்னவ நான்தான்."

கீழே வைத்த பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" கேட்கும்போதும் டின் கையை விட்டுப் போகவில்லை.

"வெயில் ஏறிடுச்சுண்ணே. நான் எறங்கிக்கிறேன்."