பிஸ்மிக்குப் பிறகு

நுஸ்ரியாவின் உம்மா றஹீமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்றே நுஸ்ரியா வேலையில் இறங்கிவிட்டாள். இணையத்தளம் செய்து கொடுப்பது அவளுடைய தொழில். ஆப்பரேசனுக்கு முன்பே உம்மாவின் குரலைப் பதிந்து, படங்கள் நிறைந்த ஒரு பக்கம் செய்தாள். குவளையைத் தொட்டால் "தண்ணி தா" என்று கேட்கும். கட்டிலைத் தொட்டால் "நோகுது" என்று கேட்கும். உம்மா எதையும் பிஸ்மி சொல்லித்தான் தொடங்குவார். பதியும்போதும் ஒவ்வொரு படத்துக்கும் முதலில் "பிஸ்மில்லாஹ்" என்றார்.

கடைசிப் படம் நுஸ்ரியாவின் முகம்.

"நீ வெளியில போ மகள். இதை நான் தனியப் பதியிறன். நான் இந்தப் படத்தை அமத்துற நேரம் கேளு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆப்பரேசனுக்குப் பிறகு, டெப் என்கிற பழைய தொடுதிரைக் கணினியில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசிப் படத்தை மட்டும் உம்மா தொடவில்லை. அவர்களுடைய கடலோர ஊரான தாராபுரத்து உப்புக்காற்று அதைத் தின்று தீர்த்த பிறகு பிடித்தது சனியன். புது டெப்பில் விரலை எடுத்ததும் குரல் நின்றது. உம்மாவுக்கோ கை நடுக்கம், விரல் படத்தில் நிலைக்காது. "பிஸ்மில்லாஹ்" வரும், அதோடு சரி. இன்னொரு கம்பனியின் டெப்பில் பக்கம் திறந்ததுமே எல்லாப் படங்களும் ஒன்றாகக் கத்தின. பக்கத்தை அவள் எப்படி மாற்றி எழுதினாலும், தொடங்குவதையும் நிறுத்துவதையும் டெப்தான் தீர்மானித்தது.

கேட்டால் கம்பனிக்காரர் எல்லாரும் ஒரே தொழில்நுட்ப நியமத்தை, தங்களுக்கான பொது விதியைக் காட்டினார்கள். 'பயனர் தொட்டதும் பொருள் செயற்படும்' என்று அதில் மொட்டையாக ஒரு வரி. விரலை வைப்பதா தொடுவது, எடுப்பதா? எடுத்தால் நிறுத்துவதா, ஓடவிடுவதா? பெரிய மூளைகள் கூடியிருந்து, ஒரு நோயாளியின் விரலை ஒருதரமும் நினைக்காமல் எழுதிய வரி! நுஸ்ரியா அந்த நியமத்தை வகுத்த குழுவுக்கே எழுதினாள். இந்தத் தெளிவின்மை தெரிந்ததுதான், அது தயாரிப்பாளரின் விருப்பம், அடுத்த திருத்தத்தில் பார்ப்போம் என்று மரியாதையாகக் கையை விரித்தார்கள்.

"பிஸ்மிய வெட்டிவிடட்டா உம்மா? மற்றச் சொல்லாவது வரும்."

உம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விரலை எடுத்தால் நிற்கும் டெப்பே உம்மாவின் கையில் மிஞ்சியது. முதலில் ஒவ்வொரு பிஸ்மிக்கும் ஓடினார்கள். தண்ணீரா, தலையணையா என்று கேட்டுக் கேட்டு அலுத்தார்கள். போகப் போக வீட்டுக்குக் காது மரத்துவிட்டது. பாவம், மனிதக் காது அவ்வளவுதான்.

அன்று பகல் நுஸ்ரியா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து பிஸ்மில்லாஹ், பிஸ்மில்லாஹ் என்று விடாமல் கேட்டது.

"மாமி கூப்பிடுறாவோ?" என்றான் புருசன் நஸார்.

"இப்பத்தான் தண்ணி குடுத்தனான். மீன் கருகிப்போயிரும், இதைத் திருப்பிப் போட்டுட்டுப் போறன்."

திருப்பிப் போட்டு முடிக்கையில் சத்தம் நின்றிருந்தது. அவள் போனபோது உம்மா மௌத்தாகியிருந்தார். விரல் நுஸ்ரியாவின் முகத்தின்மேல் கிடந்தது.

ஜனாஸாவை அடக்கிவிட்டு ஆட்கள் கலைந்த பிறகு, அவள் அந்தப் படத்தில் விரலை வைத்தாள். அவளுடைய விரல் நடுங்கவில்லை. அதனால் முழுவதும் கேட்டது.

"பிஸ்மில்லாஹ். மகள், எனக்குப் பயமாக் கிடக்கு. வேலை கிடக்கட்டும். வந்து கையப் புடிச்சுக்கொண்டு இரு."

குரல் முடிந்தும் அவள் விரலை எடுக்கவில்லை. அன்று மீன் ஒன்றுகூடக் கருகவில்லை.