பாதி வீட்டுக்கு வந்த நோட்டீஸ்

என் கணவரும் அவருடைய அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால், பேசாமல் பேசியே தொலைத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். மூத்தார் பஸ் டிரைவர். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அண்ணனுக்கு வளைவு வந்தால் வளைந்து போகத் தெரியும். தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் மேலே, கீழே, அவ்வளவுதான்.

சண்டைக்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். மாமனார் போன பிறகு அவருடைய பழைய ஸ்கூட்டரை மூத்தார் யாரையும் கேட்காமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். அதைப் பழுது பார்த்து ஓட்ட வேண்டும் என்று என் கணவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தாராம். மனதுக்குள் நினைத்தது அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அண்ணன்னா தெரியணும்" என்றார்.

வார்த்தை முற்றி வீட்டுக்கு நடுவே சுவர் வந்தது. நாலரை அங்குலச் சுவர். முன்கூடத்தில் தொடங்கிப் பின்பக்கம் வரைக்கும் நேராக ஓடும். மேஸ்திரி போட்ட கோடு பின்சுவரில் முட்டிய இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. கோட்டைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று அவர் கேட்டதற்கு இருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் ஜன்னலின் ஒரு கதவு எங்களுக்கு, இன்னொரு கதவு அவர்களுக்கு. சமையலறை எங்கள் பக்கம் விழுந்தது, குளியலறை அவர்கள் பக்கம். அவர்கள் ஒரு சமையலறையும் நாங்கள் ஒரு குளியலறையும் கட்டி முடிக்கும் வரை, நானும் என் ஓரகத்தியும் புருஷன்மாருக்குத் தெரியாமல் நடத்திய பண்டமாற்றை எந்தச் சந்தையிலும் பார்த்திருக்க முடியாது. எங்களுக்குள் சண்டையே கிடையாது. அதற்கு நேரம் ஏது?

சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். மூத்தார் காலையில் இருமாமல் எழுந்திருக்க மாட்டார். என்றைக்காவது இருமல் கேட்கவில்லை என்றால் என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு சுவரோரம் வந்து நிற்பார். என்ன என்று கேட்டால், "ஈரம் இறங்கியிருக்கான்னு பார்க்கறேன்" என்பார். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். தூரத்துப் பார்வை, கிட்டத்துப் பார்வை எல்லாவற்றுக்கும் எங்கள் கடையில் கண்ணாடி உண்டு. இந்த இரண்டு பேருக்கு மட்டும் எது போட்டும் சரிவராது என்று எப்போதோ முடிவுகட்டிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் தெருவுக்கு நோட்டீஸ் வந்தது. டேட்டா சென்டர் கட்டப் போகிறார்களாம். பொது நன்மைக்காக எங்கள் தெரு மொத்தமும் வேண்டுமாம். தெருச் சங்கத் தலைவர் கூட்டம் போட்டு விளக்கினார்.

"பெரிய கட்டடம். உள்ள வரிசையா கம்ப்யூட்டர் இருக்கும். ஆளுங்க அதிகம் இருக்க மாட்டாங்க."

"அப்ப யாருக்கு வீடு?" என்று என் ஓரகத்தி கேட்டாள்.

"கம்ப்யூட்டருக்குத்தான்."

"ஏசி உண்டா?"

"ராத்திரி பகலா ஓடும்."

"கொடுத்து வச்சதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கம்பெனி அனுப்பிய பையன் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தான். நாங்கள் அவனுக்கு அட்டைத் தம்பி என்று பெயர் வைத்தோம். மரியாதையாகத்தான் பேசினான். "நீங்க எல்லாரும் போன்ல அனுப்பற படம், வீடியோ எல்லாம் எங்கயாவது இருந்தாகணும்ல சார்? அதுக்குத்தான் இந்த இடம்" என்றான். கூட்டமே திரும்பித் தலைவரைப் பார்த்தது. விடிந்தால் தெருக் குழுவில் ரோஜாப்பூவும் சூரியனும் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறவர் அவர்தான். மறுநாள் வணக்கம் வரவில்லை. எங்கள் போராட்டத்தின் முதல் தியாகம் அது. அதற்கு மறுநாள் மனசு கேட்காமல், விட்டுப்போனதையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

ஆனாலும் போராடினோம். மனு கொடுத்தோம், அளக்க வந்தவர்களை மறித்தோம், வாசலுக்கு வாசல் கறுப்புக் கொடி கட்டினோம். என் கணவர் எங்கள் பாதி வாசலில் ஒரு கொடி கட்டினார். மூத்தார் வெளியே வந்து அதைப் பார்த்துவிட்டு, தன் பாதியில் அதைவிடக் கொஞ்சம் பெரிய கொடியாகக் கட்டினார்.

கம்பெனி இறங்கி வந்தது. கட்டடத்தைப் பின்னால் இருக்கிற பொட்டலுக்குத் தள்ளிக்கொண்டார்கள். தெரு தப்பியது. கரண்ட் கேபிளும் தண்ணீர்க் குழாயும் கொண்டுபோக ஒரு பாதை மட்டும் வேண்டும், அது கடைசி வீட்டின் வழியாகப் போகிறது என்றார்கள். கடைசி வீடு எங்களுடையது. அதிலும் பாதி போதுமாம். சுவர் வரைக்கும். அதாவது மூத்தாருடைய பாதி.

தெருக்காரர்கள் கறுப்புக் கொடிகளைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்தார்கள். தலைவர் வந்து ஆறுதல் சொன்னார். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் குறை.

அட்டைத் தம்பி எங்கள் பக்கத்துக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான். "நல்ல வேளை சார், நீங்களே முன்னாடியே பிரிச்சு வச்சிருக்கீங்க. எங்களுக்கு வேலை மிச்சம்" என்றான். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தான் பாவம். என் கணவரின் முகம் போன போக்கை நான் மட்டும் பார்த்தேன்.

"பத்திரம் இன்னும் உங்க அப்பா பேர்லதான் இருக்கு. அதனால விசாரணையில ஒரே கேள்விதான் கேப்பாங்க. இது ஒரே வீடா, ரெண்டு வீடா? ரெண்டுன்னு சொல்லிடுங்க. உங்க பாதியை யாரும் தொட மாட்டாங்க."

"ஒரே வீடுன்னு சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஒரே வீட்டுல பாதியை மட்டும் எடுக்க சட்டம் விடாதுக்கா. எடுத்தா முழுசா எடுக்கணும், இல்லன்னா முழுசா விடணும். விடுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அவங்களுக்குப் பாதை வேணுமே."

அவன் போன பிறகு என் கணவர் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கேக்கட்டும், பார்க்கலாம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடமும் இவர் இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது.

அந்தப் பக்கத்திலிருந்து அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் வர ஆரம்பித்தது. டேப்பை இழுக்கும்போதெல்லாம் என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் ஜன்னலுக்குப் போனேன். ஓரகத்தி அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ள பெட்டி கட்டறீங்க?"

"கடைசி நேரத்துல ஓட முடியாதுடி. நீ உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணும் சொல்லாத. உங்க வீடாவது நிக்கட்டும்."

"எங்க போவீங்க?"

"பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள். எனக்கு என் வீடு வேண்டும். அவளும் பக்கத்தில் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்க எந்த ஆபீசிலும் மனு கிடையாது. அன்று சமையல் செய்யும்போது ஒவ்வொரு பாத்திரத்தையும் வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன்.

விசாரணை அறையில் ஒரே வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். இந்த ஓரத்தில் என் கணவர், அந்த ஓரத்தில் மூத்தார், நடுவில் நாங்கள் இரண்டு பேர். அங்கேயும் சுவர் நாங்கள்தான். அதிகாரி ஒரு அம்மா. காகிதத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தார். கண்ணாடி மாற்றி வெகுநாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் அதைச் சொல்லும் நேரமா அது?

மூத்தாரிடம் முதலில் கேட்டார். "ஒரே வீடா, ரெண்டு வீடா?"

மூத்தார் எழுந்து நின்றார். "ரெண்டு வீடுங்க. தம்பி வீடு தனி. அதுல கை வைக்க வேண்டாம். என்னோடத எடுத்துக்குங்க."

ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி எழுதிக்கொண்டு என் கணவரைப் பார்த்தார்.

"ஒரே வீடுங்க" என்றார் என் கணவர்.

"என்னங்க இது? உங்க அண்ணன் ரெண்டுங்கறாரு."

"அவர் சொல்றது பொய்ங்க."

மூத்தார் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். "அவனுக்கு விவரம் தெரியாதுங்க. முழு வீடும் போயிடும்னு எடுத்துச் சொல்லுங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்லுங்க மேடம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நான் எதுக்கு நடுவுல? ரெண்டு பேரும் இங்கயேதான இருக்கீங்க?"

"அவங்க பேசிக்க மாட்டாங்க மேடம்" என்றாள் ஓரகத்தி.

"எப்போலேருந்து?"

"ஸ்கூட்டர் போனதுலேருந்து."

அதிகாரி அதற்கு மேல் விவரம் கேட்கவில்லை. புத்திசாலி. என் கணவரிடம் திரும்பினார். "ஒரே வீடுன்னு நான் எழுதிட்டா, மொத்தமும் போனாலும் போகலாம். அப்புறம் வந்து அழக் கூடாது. நடுவுல சுவர் வேற இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அதற்கும் என் கணவரிடம் பதில் இருந்தது. "பஸ்ல டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு தடுப்பு இருக்கு. அதுக்காக அது ரெண்டு பஸ்ஸாயிடுமாங்க?"

மூத்தார் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். அதிகாரி உதட்டை மடித்துக்கொண்டு, அடுத்த வாரம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சுவர் இருந்தால் இரண்டு வீடு, இல்லையென்றால் ஒன்று.

பஸ் நிறுத்தத்தில் நான் கத்திவிட்டேன். என் சமையலறையையும் சேர்த்துப் பணயம் வைக்கிறவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா? எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பெருமையைக் காட்டினால் தலைகால் புரியாமல் ஆடுவார் என்று பயத்தை மட்டும் காட்டினேன். "எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?" என்றேன். "பஸ் வந்துடுச்சு" என்று ஏறிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுவரை இடித்தார்கள். முதல் அடியை என் கணவர் வைத்தார்; தடுப்பார் என்று நான் நினைத்த மூத்தாரும் அந்தப் பக்கம் சம்மட்டியை எடுத்துவிட்டார். இவர் இந்தப் பக்கத்திலிருந்து, அவர் அந்தப் பக்கத்திலிருந்து, ஆளுக்கொரு சம்மட்டி. முதலில் ஒரு ஓட்டை விழுந்தது. அதன் வழியே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலை, மீசை, புருவம் எல்லாம் சுண்ணாம்புத் தூசி. உடனே ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அவரைத் தள்ளி நிக்கச் சொல்லு, கல்லு விழும்."

"மாமா, தள்ளி நிப்பீங்களாம்."

"எனக்குத் தெரியும்னு சொல்லும்மா. அவனைச் செருப்பு போட்டுக்கச் சொல்லு."

"செருப்பு போட்டுக்குவீங்களாம்."

இரண்டடி தூரத்துக்கு இவ்வளவு தூது. கடைசிக் கல் விழுந்தபோது எனக்கும் ஓரகத்திக்கும் தொண்டை கட்டிவிட்டது.

அதிகாரி வந்தார். ஒரே கூடத்தில் எதிரெதிராக இரண்டு டிவி இருப்பதைப் பார்த்தார். இரண்டு சமையலறையையும் எட்டிப் பார்த்தார். "ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு?" என்று கேட்டார். "எனக்கும் இவளுக்கும் உப்பு ஒத்துப்போகாதுங்க" என்றாள் ஓரகத்தி. தரையில் சுவர் இருந்த தடம் நீளமாகத் தெரிந்தது. அதிகாரி அதைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் திரும்ப வாழ மாட்டேன். கடையில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டேன். வீட்டில் எல்லோரும் எதையும் எடுக்காமல், எதையும் வைக்காமல் நடமாடினோம். கட்டிய பெட்டிகளை அவர்கள் பிரிக்கவில்லை. நானும் ஒரு பெட்டி வாங்கி வந்து மூலையில் வைத்தேன்.

அட்டைத் தம்பிதான் போன் செய்தான். "அக்கா, ஒரே வீடுன்னு முடிவாயிடுச்சு. முழு வீட்டையும் எடுக்கறதுன்னா நாளாகுமாம். அதனால பின்னாடி பூட்டிக் கிடக்கற குடோன் வழியா சுத்திப் போறாங்க. உங்க வீடு வேண்டாமாம்." எங்கள் வீடு வேண்டாம் என்று ஒருவன் சொல்லி இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் அழுதுகொண்டே என்னை "அழாதடி" என்று அதட்டினாள்.

அன்று சாயங்காலம் அண்ணனும் தம்பியும் அவரவர் டிவி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவர் போயும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்பவாவது சொல்லுங்க. முழு வீட்டையும் பணயம் வச்சீங்களே, எதுக்கு? பேசக்கூடப் பேசாத அண்ணனுக்காகவா?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"அவர் போயிட்டா நான் யார்கூடப் பேசாம இருக்கறது?"

அந்தப் பக்கத்து டிவி நின்றது. மூத்தார் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதையும் அந்தப் பொண்ணுகிட்டத்தான் சொல்லணுமாடா?"