நூற்றில் மூன்று

எழுபத்தொரு மணி நேரம் நாற்பது நிமிடம், புதன்கிழமை பகல் ஒரு மணியிலிருந்து எண்ணினால், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இந்த மேசையிலும் சொல்ல முடியாது, அப்பாவின் தலையில் தங்கநிற அட்டைக் கிரீடம் இருக்கிறது, அதன் ஓரம் நெற்றியில் உரசுகிறது, உரசினால் கன்றிப்போகும், இரத்தத்தில் தட்டணுக்கள் பத்தொன்பதாயிரம்தான், ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும், இதைக் கிரீடம் வைத்துவிட்ட பெண்ணிடம் யார் சொல்வது... அவள் இளவரசிக் கவுன் போட்டு அதே ஊதா நிறத்தில் தலையை மூடித் தூடோங் அணிந்திருக்கிறாள், என் வயதுதான் இருக்கும், காலில் மட்டும் வேலைக்கான கறுப்பு ரப்பர் சப்பாத்து. கேளிக்கைப் பூங்காவின் நடுவில் இந்த உணவகம் கோட்டை மாதிரி நிற்கிறது, சுவர் கல் மாதிரி, விரலால் தட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக். கூரையிலிருந்து ஒரு டிராகன் கால் மணிக்கு ஒருமுறை வாயைத் திறந்து புகை விடுகிறது. அண்ணன் லோகேஸ்வரன்தான் சுங்கைப்பட்டாணியிலிருந்து எல்லாரையும் காடியில் ஏற்றி வந்தான், அப்பாவுக்குப் பிறந்தநாள் என்று. அப்பாவின் பிறந்தநாள் இன்று இல்லை. அவர் பிறந்தது தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில், பதிவு செய்யப் போனபோது பிள்ளைக்குப் பல் முளைத்திருந்ததாம், போன நாளையே பிறந்த நாளாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடமாக நாங்கள் தையில்தான் பாயசம் வைத்தோம். இந்த வருடம் அண்ணன், "ஐசில உள்ளதுதான் லா கணக்கு" என்றான், அடையாள அட்டையில் இருக்கும் நாளை. அடுத்த தைப்பூசத்துக்கு நான்கரை மாதம் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய் என்று கண்ட பினாங்கு டாக்டர் அப்பாவுக்குச் சொன்ன கெடு அதைவிடக் குறைவு. அதனால்தான் ஐசி நாள் என்று எனக்கும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அண்ணன் மகள், ஆறு வயது ரூபினி மட்டும் மெழுகுவர்த்தி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவின் தட்டில் சிக்கன் சாப், பக்கத்தில் பச்சையாகக் கீரை இலை, அதை என் தட்டுக்கு எடுத்துக்கொண்டேன், வேகாத எதையும் அவர் சாப்பிடக் கூடாது, தண்ணீரிலிருந்த ஐஸையும் கரண்டியால் எடுத்தேன், இப்போது இவ்வளவு கவனம், இப்போது கவனத்துக்கு என்ன குறை. "தாத்தா, ஏன் கை நீலமா இருக்கு?" என்று ரூபினி கேட்கிறாள். "வாசல்ல ஒரு பூதம் நின்னுச்சில்ல, அது கிள்ளிருச்சு." "அது சிமெண்ட் பூதம் தாத்தா." "சிமெண்ட் கிள்ளுனா இன்னும் வலிக்கும்மா." அண்ணன் சிரிக்கிறான், அப்பா இறைச்சியைத் துண்டுதுண்டாக வெட்டுகிறார், ஈறில் இரத்தம் வருவதால் மெல்லுவதற்கு நேரமாகிறது, ஒரு வாய் தின்றுவிட்டு, உதட்டை நாப்கினால் ஒற்றி, சிவந்த பக்கம் உள்ளே போகும்படி மடிக்கிறார். எத்தனை நாளாக இப்படி மடிக்கிறார்? நான் எத்தனையைப் பார்க்காமல் விட்டேன்?

பார்க்காமல் விடவில்லை, அதுதான். மார்ச் மாதம், வியாழன், மாலை நான்கு ஐம்பது, மறுநாளும் அதற்கு மறுநாளும் விடுமுறை, ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரத்தம் வந்த குழாயில் ஒட்டியிருந்த ஐசி எண்ணைத்தான் முதலில் கண்டேன், தொடக்கத்தில் 630913, அறுபத்து மூன்று செப்டம்பர் பதின்மூன்று, இந்தப் பொய்யான நாள், பிறகு பெயர், குழந்தைவேலு. அப்பாவுக்குக் கூலிம் தொழிற்சாலையில் காவல் வேலை, ஆண்டுக்கொரு முறை மருத்துவச் சோதனை, அந்த இரத்தம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வரும். சொந்தக்காரர் இரத்தத்தை நாமே பார்க்கக் கூடாது, இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும், ஆனால் கொடுக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும், இது என் அப்பா என்று. யாரிடம், மேற்பார்வையாளர் அகத்தா அக்காவிடமா? போன வாரம்தான் ஒரு கண்ணாடித் தகட்டைச் சந்தேகம் என்று மேலே நிபுணருக்கு அனுப்பினேன், அது வெறும் டெங்கி. "ஏண்டி, காய்ச்சல் வந்தவனுக்கெல்லாம் நீ கேன்சர்னு அனுப்புனா நாம கடைய சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார், ஆறு பேர் சிரித்தார்கள், நான் கழிப்பறையில் போய்ப் பதினைந்து நிமிடம் நின்றேன். அதனால் நானே வைத்து நானே பார்த்தேன். நூறு வெள்ளணு எண்ண வேண்டும். மூன்று சரியில்லை, உட்கரு பெரிதாக, அதற்குள் வெளிறிய புள்ளி. ஆனால் எனக்குத் தெரியுமே, அப்பாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சளி, இரவெல்லாம் இருமினார், பக்கத்து அறையில் படுத்துக் கேட்டேனே... வேறு யார் பார்த்திருந்தாலும் அந்த இருமலைக் கேட்டிருக்க மாட்டார்கள், மேலே அனுப்பியிருப்பார்கள். மகள் என்பதால் கேட்டேன். வைரஸ் காய்ச்சலால் அணு இப்படி மாறியிருக்கலாம் என்று எழுதினேன், நான்கு ஐம்பத்தெட்டு. இந்தப் புதன்கிழமை எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பழைய பெட்டியிலிருந்து அதே தகட்டை எடுத்து எண்ணினேன். மூன்று. மறுபடி எண்ணினேன், மூன்று. தகடு மாறுவதில்லை. அன்றே அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா? அறுபத்திரண்டு வயதில், இந்த வகையில்... கட்டுரைகளைப் படித்தேன், ஒன்று ஆம் என்றது, இரண்டு தெரியாது என்றன.

விளக்குகள் மங்கின, டிராகன் புகை விட்டது, இளவரசி கேக்கோடும் ஒலிவாங்கியோடும் வந்தாள், உணவகமே திரும்பிப் பார்த்தது. அரசருக்கு ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், இங்கே அதுதான் வழக்கமாம். ரூபினி, "தாத்தா நல்ல ராஜா" என்றாள். அண்ணன், "ராஜாவுக்கு இன்னும் காடி லைசென்ஸ் இல்ல, மோட்டார் சைக்கிள் மட்டும் ஓட்டுவாரு" என்றான். அம்மா ஒலிவாங்கியைக் கையால் மறைத்துக்கொண்டு அடுத்து என்னிடம் நீட்டினாள். அதை இரண்டு கையாலும் பிடித்து அதன் பொத்தானையே பார்த்தேன், எப்போதும் இப்படித்தான், பள்ளிக்கூடத்தில், நேர்காணலில், தொலைபேசி எடுக்கையில்... அப்பா எழுந்து என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார், இளவரசியைப் பார்த்து மலாயில், "டியா மாலு" என்றார், எங்களிடம், "கூச்சப்படும் அது, விடுங்க." எல்லாரும் கைதட்டினார்கள். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான் என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்.

இளவரசி போன பிறகு அம்மா அழுதாள், சத்தமில்லாமல், கேக் வெட்டிய கத்தியைத் துடைத்துக்கொண்டே. "எல்லாம் நான் பண்ணுனது. பங்குனியிலேர்ந்து அசதி அசதின்னாரு. நைட் ஷிப்ட் அசதின்னு ரசம் வச்சுக் குடுத்துட்டுச் சும்மா இருந்துட்டேன். அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கணும்." இதை அவள் தினமும் சொல்கிறாள், சாமி படத்துக்கு முன்னால் சொல்கிறாள், துணி மடிக்கையில் சொல்கிறாள். அப்பா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். "சும்மா இரு, இராசாத்தி. அப்ப செக் பண்ணுனாங்கல்ல, ஒண்ணும் இல்லன்னுதானே வந்துச்சு. நம்ம பொண்ணு வேல செய்யுற எடத்துலயே பாத்தாங்க. இருந்திருந்தா வுட்டுருப்பாங்களா? இது யாரு கண்ணுக்கும் தெரியாம வர்றது." அதைச் சொல்லும்போது அவர் முகம் இளகியது. பினாங்கிலிருந்து வந்த நாள் முதல் அவர் தூங்குவது இந்த ஒன்றின் மேல்தான் என்று இப்போதுதான் கண்டேன், யாராலும் முடிந்திருக்காது என்பதன் மேல். சொன்னால் அம்மாவிடமிருந்து அந்தப் பாரம் இறங்கும், அப்பாவிடமிருந்து அந்தத் தூக்கம் போய்விடும், சொல்லாவிட்டால் அம்மா அவர் போன பிறகும் துணி மடித்துக்கொண்டு இதையே சொல்வாள். எனக்கு? எனக்கு இறங்குமா, அதற்காகத்தான் சொல்கிறேனா... ரூபினி கேக்கின் ரோஜாவைத் தின்றுகொண்டிருந்தாள். ஒலிவாங்கி தூரத்தில் வேறு மேசையில் யாருக்கோ பாடிக்கொண்டிருந்தது.

"அப்பா."

"என்னாம்மா, குடிக்கத் தே ஓ வேணுமா?"

"மார்ச்சுல உங்க ரத்தத்த நான்தான்ப்பா பாத்தேன். அப்பவே இருந்துச்சு. நான் எழுதல."