ஒற்றைப்படை வாரம்

லிமோஜிலிருந்து போர்தோ போக ரயிலில் மூன்று மணி நேரம் ஆனால் அதிகம். காலையில் காபி குடித்துவிட்டு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். இந்தப் பயணத்துக்குத்தான் ரெஜிஸ் பத்து வருஷமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். நிலாவுக்கு ஆள் அனுப்புகிறவர்கள்கூட இவ்வளவு இழுத்திருக்க மாட்டார்கள்.

மகள் லிசோனுக்கு எட்டு வயதில் வந்த ஆசை அது. போர்தோவில் ஆற்றங்கரையோரம் கல் தரைமேல் விரல் கனத்துக்குத் தண்ணீர் பரப்பி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு அதில் ஓடுவதை டிவியில் பார்த்துவிட்டு, என்னையும் கூட்டிட்டுப் போப்பா என்று கேட்டாள். அடுத்த தடவை போகலாம் என்றான் ரெஜிஸ். அப்போது அவனும் கரீனும் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வருஷத்தின் வாரங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இரட்டைப்படை வாரங்களில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை ஆறு மணி வரை மகள் தந்தையிடம், ஒற்றைப்படை வாரங்களில் தாயிடம் என்று நீதிமன்றத் தாள் சொன்னது. பிரிந்தவர்கள் பாதிப் பேர் இங்கே இந்தக் கணக்கில்தான் பிள்ளை வளர்க்கிறார்கள்.

அடுத்த தடவை வந்தது, போனது. ஒருமுறை பல்வலி, ஒருமுறை ரயில்காரர்கள் வேலைநிறுத்தம், ஒருமுறை மழை வரும்போல இருந்தது. பெரும்பாலும் வேலைதான் சாக்கு. ரெஜிஸ் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் மின்பேருந்தின் ஓட்டுநர். சனிக்கிழமை யாராவது லீவு போட்டால் முதலில் கை தூக்குகிறவன் அவன்தான். அப்போதெல்லாம் லிசோன் அவனுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய் வந்துகொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாள். பிள்ளை கூடத்தானே இருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொள்வான். அட மனுஷா, அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்காருவதும் அப்பாவோடு இருப்பதும் ஒன்றா? அவனிடம் அதைக் கேட்க யாரும் இல்லை.

இப்போது லிசோனுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. ஜனவரி பன்னிரண்டு. அன்றோடு நீதிமன்றத் தாள் வெறும் தாள். வா என்று அவளுக்கு யாரும் உத்தரவு போட முடியாது. டிசம்பர் முதல் வாரத்தில் திடீரென்று இது ரெஜிஸுக்கு உறைத்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரமாக விரல் விட்டு எண்ணினான். டிசம்பர் பன்னிரண்டு, இருபத்தாறு, அப்புறம் ஜனவரி ஒன்பது. ஒன்பதும் பத்தும்தான் கடைசி. இந்தத் தடவை எது வந்தாலும் சரி, போயே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு லீவு எழுதிக் கொடுத்தான், ரயிலில் இடம் போட்டான், ஆற்றைப் பார்த்த மாதிரி ஓர் அறையும் பிடித்தான்.

பழைய நோட்டில் பயணப் பட்டியல் இருந்தது. குதிரை ராட்டினம் என்று பத்து வருஷத்துக்கு முந்தைய மையில் எழுதியிருந்தது. அதை அடித்தான். பொம்மலாட்டம், அதையும் அடித்தான். படகில் போகும்போது தலை சுற்றினால் மாத்திரை என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. படகென்றாலே வாந்தி எடுத்த அந்தக் குட்டிப் பெண் எப்போது போனாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே புதிதாக எழுதினான்: சந்தையில் சிப்பி, பெரிய தேவாலயம், இருவருக்கு ஒயின் ருசிக்கும் வகுப்பு. வயசுக்கு இரண்டு நாள்தானே குறைகிறது, விட்டுவிடுவார்கள் என்று தீர்ப்பும் தானே சொல்லிக்கொண்டான். தண்ணீர்த் தரை என்று எழுதி, நேரம் பார்க்க நகராட்சிப் பக்கத்தைத் திறந்தால், குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திவிடுவார்களாம். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்து வருஷத்தில் எத்தனை கோடை வந்துபோனது! சரி, காய்ந்த தரையையாவது காட்டலாம் என்று அந்த வரியை அடிக்காமல் விட்டான்.

இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் வழக்கம்போலப் புது வருஷக் காலண்டர்களோடு கதவைத் தட்டினார். பூனைப் படம், மலைப் படம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் திராட்சைத் தோட்டப் படம் போட்டதை எடுத்துக்கொண்டான். ஒன்பதாம் தேதியைச் சிவப்பில் வட்டமிட சமையலறை மேசையில் விரித்தான். அந்த வாரத்துக்கு எதிரே ஓரத்தில் சின்ன எழுத்தில் வார எண் இருந்தது. ஒன்று.

எழுந்துபோய் சுவரில் தொங்கிய பழைய காலண்டரைப் பார்த்தான். டிசம்பர் கடைசி வாரத்துக்கு எதிரே ஐம்பத்து மூன்று; ஜனவரி முதல் மூன்று நாளும் அதிலேயே சேர்த்தி. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து நடக்கும். வருஷத்துக்கு ஒரு வாரம் கூடிவிடும், இரண்டு ஒற்றைப்படை வாரம் அடுத்தடுத்து வந்து நிற்கும். கடைசி வாரம் கரீனுக்கு, முதல் வாரமும் கரீனுக்கு. அவன் கடைசி என்று எண்ணிவைத்திருந்தது அவனுடையதே இல்லை.

தயங்கித் தயங்கிக் கரீனுக்குப் போன் போட்டான். ஒரே ஒரு வாரம் மாற்றிக்கொள்ளலாமா, மகளுக்காகத்தானே என்று இழுத்தான்.

"ரெஜிஸ், இதே ஐம்பத்து மூணு ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் வந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு இருந்தது. இல்லாத மாதிரி இருந்துபார்த்தான். கரீன் விடவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்கு டூட்டி போட்டிருந்தார்கள். முறைப்படி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பார்த்தால் உன் முறைதானே, பிள்ளையை வைத்துக்கொள் என்று அவள் கெஞ்சினாள். இவன் நண்பர்களோடு ஏரிக்கு மீன்பிடிக்கப் போவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தான்.

"தாள்ல இரட்டைப்படைன்னு போட்டிருக்கு, ஒண்ணு இரட்டைப்படை இல்ல, இது உன் தலைவலின்னு சொன்ன. இதே வார்த்தை. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. லிசோன் என் பக்கத்துல உக்காந்து பால் குடிச்சுக்கிட்டிருந்தா."

நாற்காலி பக்கத்தில் இருந்தும் ரெஜிஸுக்கு உட்காரத் தோன்றவில்லை. மீன் ஒன்றுகூட மாட்டாத நாள் அது என்பது ஏனோ நினைவுக்கு வந்தது. கரீன் சண்டை போடவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. எனக்கு எண்ணெல்லாம் முக்கியமில்லை, அன்றைக்கு என் அப்பா அம்மா அவள் பிறந்தநாளுக்காக வருகிறார்கள், ஆனாலும் அவள் வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போ, அவளையே கேள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி அவன் முறை. இந்தச் சனிக்கிழமை அவன் கை தூக்கவில்லை. மாவுக்குள் உருளைக்கிழங்கும் கிரீமும் வைத்து மூடி அடுப்பில் சுட்டான். அடி கொஞ்சம் கருகிப்போனதை லிசோன் சுரண்டி ஓரம் வைத்துவிட்டு மீதியை ரசித்துச் சாப்பிட்டாள். பரீட்சை, தோழிகள், அடுத்த வருஷம் எந்த ஊரில் படிப்பது என்று என்னென்னவோ பேசினாள். கேட்கக் கேட்க அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இதையெல்லாம் இவள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாளா, நான்தான் கேட்கவில்லையா?

ஞாயிறு மதியம்தான் தைரியம் வந்தது. நோட்டை அவள் முன்னால் நகர்த்தினான். அடித்தது, எழுதியது எல்லாவற்றையும் அவள் பொறுமையாகப் படித்தாள். ராட்டினத்துக்கு மட்டும் சிரித்தாள். தேதியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அன்னிக்கு தாத்தா பாட்டி வர்றாங்கப்பா. எனக்காகவே அவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வர்றாங்க. நான் எப்படி இல்லாம போறது? ஈஸ்டருக்கு அப்புறம் போலாமே. தண்ணியும் விட்டிருப்பாங்க."

"பிறந்தநாளுக்கு முன்னாடி போயிடணும்னு பார்த்தேன்."

"அப்படி என்ன அவசரம்?"

சுற்றி வளைத்துச் சொல்ல அவனுக்கு வரவில்லை. "பன்னண்டுக்கு அப்புறம் நீ இங்க வரணும்னு கட்டாயம் இல்லையேம்மா."

லிசோன் அவனையே பார்த்தாள். கோபம் இல்லை. இவ்வளவு நாளாகவா இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது போன்ற ஒரு பார்வை.

"பதினாலு வயசுலயே அம்மா கேட்டா. அங்க போக இஷ்டம் இல்லன்னா சொல்லு, ஜட்ஜ்கிட்ட பேசி நிறுத்திடலாம்னு. நான்தான் வேணாம்னேன். அதுக்கப்புறம் யாரும் என்னை அனுப்பல. நானாதான்பா வந்துக்கிட்டிருந்தேன்."

கடமைக்காக வருகிறாள், கணக்குக்காக வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான்கு வருஷமாக அவளைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு ரெஜிஸ் டிவியில் ரக்பி ஆட்டம் பார்த்திருக்கிறான். ஆறு மணி ஆகிறது, கிளம்பு என்று ஐந்தே முக்காலுக்கே பையை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஆசைப்பட்டு வந்த பிள்ளை என்று தெரியாமலே அத்தனை வாரமும் போயிருக்கிறது. இனி எந்தக் காலண்டரிலும் அது கிடைக்காது.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றான்.

அவள் கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "சொன்னா, அப்போ வராதேன்னு நீ சொல்லிட்டா?"

"சேச்சே. நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன்."

சொல்லும்போதே அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. முந்தைய வருஷமோ, அதற்கு முந்தைய வருஷமோ, ஏதாவதொரு சனிக்கிழமை வேலையைக் கேட்டு டெப்போவிலிருந்து போன் வந்த நேரத்தில் அவள் இதைச் சொல்லியிருந்தால், உன் இஷ்டம்மா, உனக்கு எது வசதியோ அப்படிச் செய் என்றுதான் சொல்லியிருப்பான். ரொம்ப நல்ல அப்பா மாதிரி சொல்லியிருப்பான்.

லிசோனுக்கும் அது தெரிந்திருந்தது. சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து தட்டுகளைக் கழுவப் போனாள்.