ஈயம் இளகும் பதம்

பிளாஸ்டிக் குழாய் ஒட்டுவதில் ஜவுபருக்குச் சாய்ந்தமருதில் நல்ல பெயர். அதைக் கேள்விப்பட்டுத்தான் அறுகம்பையில் விடுதி நடத்தும் இப்றாஹிம் அவனைத் தேடி வந்தார். சுடுதண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதாம். அதுவோ செம்புக் குழாய்.

“செம்பு பத்தவைக்க எனக்குத் தெரியா,” என்றான் ஜவுபர். சொல்லிவிட்டானே தவிர, வந்த வேலையை விட மனம் கேட்கவில்லை. “ஒரு கிழமை தந்தீங்கண்டா படிச்சிக்கிட்டு வருவன்.”

இப்றாஹிம் சிரித்துவிட்டார். “வந்தவனெல்லாம் தெரியுமெண்டு சொல்லித்தான் கெடுத்துப்போட்டான். நீங்க படிங்க.” மறுநாளே மிச்சக் குழாய்த் துண்டுகளை ஒரு உரப்பையில் கட்டி அனுப்பினார்.

ஜவுபர் கிணற்றடியில் உட்கார்ந்தான். மனைவி றுமைஸா பக்கத்தில் நின்று ஃபோனில் வீடியோவைப் பிடித்துக் காட்டினாள். செம்பைப் பளபளவென்று தேய்த்து, ஈயம் பிடிப்பதற்கான பசை பூசி, இரண்டு துண்டுகளையும் மூட்டாகப் பொருத்தி, கேஸ் டோர்ச்சைப் பற்றவைத்தான். தீ சீறியது. பசை கருகிப் புகைந்தது. மேலே வைத்த ஈயக் கம்பி உருகி, ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழுந்தது. எடுத்த துண்டெல்லாம் இதே கதைதான்.

“இது நமக்குச் சரிவராது புள்ள,” என்று டோர்ச்சைக் கீழே வைத்தான்.

“சட்டி பத்தி எரியக்குள்ள வெங்காயத்தப் போட்டா கருகத்தானே செய்யும்? இஞ்ச தாங்க, பாப்பம்.”

றுமைஸா தீயைக் குறைத்தாள். மூட்டின் ஒரு பக்கம் சூடு காட்டி, மறுபக்கம் ஈயக் கம்பியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பசை குமிழிட்டு அடங்கிய கணத்தில் ஈயம் தண்ணீராக இளகி, இடுக்குக்குள் விறுவிறுவென்று ஓடி, வெள்ளி வளையம்போல் நின்றது.

“அல்லாஹ்! இழுத்துக்கிட்டுப் போயிட்டுங்க!” என்று கத்தினாள்.

ஆறியதும் ஜவுபர் ஒரு முனையை விரலால் அடைத்து, மூட்டுப் பகுதியை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. அவனுக்குக் கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது. ஆனாலும், “இன்னொருக்காச் செய், எப்பிடியெண்டு பாக்கிறன்,” என்றான்.

கேட்ட ஒரு வாரம் முடிந்ததும் இருவருமே மோட்டார்சைக்கிளில் அறுகம்பைக்குப் போனார்கள். அங்கே புதுச் சிக்கல். வால்வை அடைத்தும் குழாய்க்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு தீ காட்டியும் செம்பு சூடேறவில்லை, ஈயம் இளகவில்லை.

“உள்ளுக்கு ஈரம் இரிக்கிற மட்டும் இது பிடிக்காது,” என்றாள் றுமைஸா.

ஜவுபர் யோசித்தான். காலையில் சாப்பிட்டு மிஞ்சிய பாண் ரொட்டியை எடுத்து, நடுவிலிருந்த மெத்தென்ற பகுதியைக் கிள்ளிக் குழாய்க்குள் திணித்தான். கசிவு நின்றது. அவன் தீயைப் பிடிக்க, அவள் ஈயம் வைத்தாள். இந்த முறை வளையம் முழுசாக விழுந்தது.

பைப்பைத் திறந்தபோது முதலில் கரைந்த பாண் கூழாக வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர். மூட்டு காய்ந்தபடியே இருந்தது. கையை நீட்டிய இப்றாஹிம் சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார்.

“மத்த அறையளையும் பாத்துத் தருவீங்களா?”

ஜவுபர் றுமைஸாவைக் கைகாட்டினான். “அவவக் கேளுங்க. அவ வந்தாத்தான் நானும்.”

றுமைஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “எத்தின அறை இரிக்கி?” என்று கேட்டாள்.